பேடு கட்டிக் காத்திருந்தவன்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்தவள். இப்போது வேறு ஊரில் பள்ளி ஆசிரியை.

என் அப்பா போன ஆவணியில் காலமானார். மில் தொழிலாளி. காலையும் சாயங்காலமும் மைதானத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொள்வார். எங்கள் பகுதிப் பையன்களுக்குக் கிட்டத்தட்ட நாற்பது வருடம் ஹாக்கி சொல்லிக் கொடுத்தார். சம்பளம் கிடையாது. பையன்களில் பாதிப்பேர் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிற வீடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்காக எங்கள் அம்மா தினமும் ராத்திரி ஒரு குண்டான் கொண்டைக்கடலை ஊறப்போடுவாள்.

விளையாட்டு என்றால் அப்பாவுக்கு எதுவானாலும் சரி. வாலிபால், கபடி, ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை, பொங்கலுக்குத் தெருவில் நடக்கும் சாக்கு ஓட்டம், எல்லாவற்றையும் நின்று பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் எங்களுக்கு. என்னை சைக்கிள் பாரிலும் அண்ணனைக் கேரியரிலும் உட்காரவைத்து கதிரேசன் கோயில் மலைக்குக் கூட்டிப் போவார். பாசமில்லாதவர் என்று சொல்லவே முடியாது. ஆனால் எங்கள் பள்ளி ஆண்டுவிழா எதற்கும் வந்ததில்லை. அண்ணன் பத்தாவது படிக்கும்போது, அவன் நன்றாக ஆடியும் ஒரு போட்டிக்கான அணியில் அவனைச் சேர்க்கவில்லை. அண்ணன் அதற்குப் பிறகு மட்டையைத் தொடவில்லை.

அப்பாவிடம் படித்தவர்கள் முதலாண்டு நினைவு நாளுக்கு ஒரு மலர் போடப் போகிறார்கள். வாழ்க்கை வரலாற்றை நான் எழுத வேண்டும் என்கிறார்கள். கோப்பைகளின் பட்டியலும், போலீஸிலும் ரயில்வேயிலும் ராணுவத்திலும் வேலை வாங்கியவர்களின் பட்டியலும் கொடுத்திருக்கிறார்கள். நான்கு பக்கம் எழுதிப் பார்த்தேன். இரங்கல் போஸ்டர் மாதிரி இருக்கிறது. இதோடு இணைத்திருக்கிறேன். அண்ணன் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டான். “இந்தியாவுக்கு ஆடின ஒருத்தனையாவது அவரால உருவாக்க முடிஞ்சுதா? இதுல மலர் ஒண்ணுதான் குறைச்சல்” என்கிறான். அவன் கோபம் அதுவல்ல என்று தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது. பேர் சொல்லும்படி ஒரு மாணவன் இல்லாத கோச்சின் வாழ்க்கையில் ஊருக்கு எழுத என்ன இருக்கிறது? வீட்டுக் குறையை எல்லாம் அதில் எழுதலாமா?

ஒரு வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பாவின் மறைவுக்கு என் வருத்தங்கள். அம்மாவிடமும் சொல்லுங்கள்.

நான்கு பக்கத்தையும் படித்தேன். நீங்கள் சொல்வது சரிதான், போஸ்டர் மாதிரித்தான் இருக்கிறது. ‘தன்னலமற்ற’ என்பது பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘விளையாட்டையே மூச்சாகக் கொண்ட’ என்று ஓரிடத்தில் இருக்கிறது. இவற்றை எந்த ஊர் எந்த கோச்சுக்கும் ஒட்டலாம். ஆனால் எனக்கு எழுதிய கடிதத்தில் ஒரு குண்டான் கொண்டைக்கடலை இருக்கிறதே, அது அந்த நான்கு பக்கத்தில் எங்கேயும் இல்லை. ஏன் விட்டீர்கள்? வீட்டு விஷயம், மலருக்குப் பொருந்தாது என்று நினைத்திருப்பீர்கள். எனக்கென்னவோ அந்த மலர் அங்கேதான் தொடங்க வேண்டும் என்று படுகிறது.

அதற்கு முன் உங்கள் அண்ணனின் கேள்வி. ஹாக்கிக்காரர் வீட்டில் கிரிக்கெட் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பேர் சொல்ல ஒரு மாணவன் வேண்டும் என்றால், இந்தியாவில் டெண்டுல்கரின் கோச் ரமாகாந்த் அச்ரேக்கரை மிஞ்சியவர் இல்லை. அவருடைய வாழ்க்கையையே எடுத்துப் பார்ப்போம்.

அச்ரேக்கர் ஸ்டேட் பாங்க் ஊழியர். அவர் ஆடிய முதல்தரப் போட்டி, அதாவது பல நாள் நடக்கும் பெரிய ஆட்டம், ஒன்றே ஒன்று. ஸ்டேட் பாங்க் அணிக்காக, ஹைதராபாத்துக்கு எதிராக. மற்றபடி வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் மும்பை தாதரில் சிவாஜி பூங்காவின் மண்ணில் கழிந்தது. 1990இல் கோச்சுகளுக்கான துரோணாச்சார்யா விருது, 2010இல் பத்மஸ்ரீ. 2019 ஜனவரி 2 அன்று காலமானார். இந்தத் தகவல்களைப் போட்டு ஒரு பத்தி எழுதிவிட்டால் உங்கள் நான்கு பக்கத்தின் சுருக்கம் போலத்தான் இருக்கும், பெயர்கள்தான் வேறு.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் உடனே நாணயக் கதைக்குப் போய்விடுவார்கள். ஸ்டம்பின் மேல் ஒரு ரூபாயை வைப்பார், டெண்டுல்கரை அவுட் ஆக்குகிறவனுக்கு அந்த ரூபாய், யாராலும் முடியாவிட்டால் டெண்டுல்கருக்கே. அப்படிச் சேர்ந்த 13 நாணயங்களை டெண்டுல்கர் இன்னும் வைத்திருக்கிறார். பையனை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு மைதானத்தில் ஆடவைத்து, அங்கிருந்து அடுத்த மைதானத்துக்கு அழைத்துப் போன கதையும் உண்டு. நல்ல கதைகள்தான். ஆனால் நாணயம் வென்றவனின் கதை மட்டுமே நமக்குக் கிடைக்கிறது. அன்றைக்கு வெயிலில் பந்து போட்டுப் போட்டு ரூபாய் கிடைக்காமல் போன பையன்கள் பத்துப் பதினைந்து பேராவது இருந்திருப்பார்கள். அவர்களும் அச்ரேக்கரின் மாணவர்கள்தாம்.

1988 பிப்ரவரியில் நடந்த ஹாரிஸ் ஷீல்டு அரையிறுதி அதைவிட முக்கியமானது என்று நினைக்கிறேன். மும்பைப் பள்ளிகளுக்கு இடையிலான போட்டி. சாரதாஷ்ரம் பள்ளிக்காக டெண்டுல்கரும் வினோத் காம்ப்ளியும் ஆட்டமிழக்காமல் 664 ரன் சேர்த்தார்கள். டெண்டுல்கர் 326, காம்ப்ளி 349. போதும், டிக்ளேர் செய் என்று வெளியிலிருந்து சொல்லியனுப்பியும் பையன்கள் காதில் விழாத மாதிரி ஆடிக்கொண்டே இருந்தார்கள். இதுவும் எல்லோருக்கும் தெரியும். அடுத்து இறங்க வேண்டிய பையன் காலில் பேடை, பந்து பட்டால் அடிபடாமலிருக்கக் கட்டும் காப்பை, கட்டிக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். விக்கெட் விழவே இல்லை. அன்றைக்கு முழுக்க உட்கார்ந்தான், மறுநாளும் வந்து பேடு கட்டி உட்கார்ந்தான். அவன் பெயர் அமோல் முஜும்தார்.

இந்தக் காத்திருப்பு அவருடைய வாழ்க்கை முழுக்கத் தொடர்ந்தது. 1993-94 பருவத்தில் பம்பாய்க்காக ஆடிய முதல் ரஞ்சி (மாநில அணிகளுக்கு இடையிலான) போட்டியிலேயே 260 அடித்தார். அறிமுக ஆட்டத்தில் அது அப்போது உலக சாதனை. அதற்கப்புறம் முதல்தரப் போட்டிகளில் 11,000 ரன்களுக்கு மேல். 2006-07இல் மும்பைக்குத் தலைமை தாங்கி ரஞ்சிக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். இந்திய அணியில் மட்டும் ஒரே ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. டெண்டுல்கர், டிராவிட், கங்குலி, லட்சுமண் என்று நடுவரிசை அடைத்துக் கிடந்த காலம். இப்போதும் விக்கெட் விழவில்லை!

அச்ரேக்கர் இறந்தபோது வந்த அஞ்சலிகளில் முஜும்தார் ‘மேலும் பலர்’ வரிசையில்தான் இருந்தார். ‘டெண்டுல்கர், காம்ப்ளி, ஆம்ரே, அகார்க்கர் மேலும் பலர்.’ ஆறேழு ஆண்டு கழித்து, 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில், இந்தியப் பெண்கள் தென்னாப்பிரிக்காவை வென்று முதல் முறையாக ஒருநாள் உலகக்கோப்பையைத் தூக்கினார்கள். அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் அமோல் முஜும்தார். அச்ரேக்கரிடம் ஆடிய சந்திரகாந்த் பண்டிட்டும் இப்படித்தான். ஆட்டக்காரராக ஐந்து டெஸ்டோடு நின்றவர், கோச்சாக மும்பைக்கும் விதர்பாவுக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் ரஞ்சிக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். விதர்பாவும் மத்தியப் பிரதேசமும் அதற்கு முன் அந்தக் கோப்பையை வென்றதே இல்லை. லால்சந்த் ராஜ்புத், பிரவீண் ஆம்ரே, ரமேஷ் போவார் என்று அந்த மண்ணிலிருந்து கிளம்பி கோச் ஆனவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அதாவது 2019 ஜனவரியில் யாராவது அச்ரேக்கரின் வாழ்க்கைக் கணக்கை முடித்து அடிக்கோடு போட்டிருந்தால் அது தப்பான கணக்கு. அவர் அப்படி ஒன்றும் மறக்கப்பட்டவர் இல்லை. 2024 டிசம்பரில் சிவாஜி பூங்காவில் அவருக்கு நினைவுச்சின்னம்கூடத் திறந்துவிட்டார்கள். அப்போதும் உலகக்கோப்பை வந்திருக்கவில்லை. உங்கள் அப்பா போய் இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. உங்கள் அண்ணன் அதற்குள் கூட்டிக் கழித்துவிட்டார். அப்பாவிடம் படித்த ஐம்பது வயதுக்காரர்களில் எத்தனை பேர் இன்று எந்த ஊர் மைதானத்தில் யாருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று விசாரித்தீர்களா? மாணவர்கள் கொடுத்த பட்டியலில் வேலை இருக்கிறது, பதவி இருக்கிறது. சாயங்காலத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது இல்லை. எனக்கு அதுதான் வேண்டும்.

அதே 1988 ஆட்டத்தில் காம்ப்ளியும் இருக்கிறார். டெண்டுல்கரைவிடக் கூடுதலாக அடித்தவர். 1993இல் அடுத்தடுத்த டெஸ்டுகளில் 224, 227 என்று எடுத்தார். 17 டெஸ்டில் சராசரி 54. இருந்தும் 23 வயதில் அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்துவிட்டது. ஒரே கோச், ஒரே மண், ஒரே வயசு. கோச் எதையும் ‘உருவாக்குவதில்லை’ என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். உங்கள் வரைவில் ‘அவர் உருவாக்கிய வீரர்கள்’ என்று வருமிடங்களில் ‘அவரிடம் ஆடியவர்கள்’ என்று மாற்றுங்கள். அப்பாவுக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. அப்படி மாற்றினால் பத்தாவதோடு நின்றுபோய்த் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவனும் பட்டியலுக்குள் வந்துவிடுவான். அவனைத் தேடிப் பிடியுங்கள். வேலை வாங்கியவர்கள் மேடையில் பேசுவதைத்தான் உங்களிடமும் பேசுவார்கள். அவன் வேறு ஏதாவது சொல்லுவான்.

இந்தியாவுக்கு ஆட ஒருவரும் வரவில்லை என்பதற்குப் பதில் உங்கள் அப்பாவிடம் மட்டும் இல்லை, தரையில் இருக்கிறது. 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில்தான் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைத் தளத்துக்கு மாறியது. புல்தரையில் ஏழு தங்கம் வாங்கிய இந்தியா அந்த வருடம் ஏழாவது இடத்துக்குப் போனது. அடுத்த மாஸ்கோவில், 1980இல், நம் ஊர்க்காரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் ஒரு தங்கம் வந்தது. பிறகு ஒலிம்பிக் பதக்கத்துக்கு 2021 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தளம் மாறியதும் ஆட்டமே மாறிவிட்டது. அதில் பந்து குதிக்காது, வழுக்கிக்கொண்டு வரும். முதுகை வளைத்துத் தாழ்வாக நின்று, மட்டையைத் தரையோடு படுக்கவைத்து ஆட வேண்டும். சரளை மண்ணில் ஆடிய பையன், எப்போது கல்லில் பட்டு முட்டிக்கு எகிறுமோ என்று கொஞ்சம் நிமிர்ந்தே நிற்பான், அப்படி நின்றால்தான் பல் தப்பும். மாநிலத் தேர்வுக்குச் செயற்கைத் தளத்தில் இறங்குகிற முதல் நாளிலேயே அவன் பாதி தோற்றாயிற்று. உங்கள் அப்பா சொல்லிக் கொடுத்த காலத்தின் பெரும்பகுதி இப்படித்தான் போயிருக்கும். பின்னால் கோவில்பட்டிக்கே செயற்கைத் தளம் வந்தது, விளையாட்டு விடுதி வந்தது. 2022இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய இந்திய அணியில் உங்கள் ஊர் மாரீஸ்வரன் இருந்தார், உங்கள் ஊர் விடுதியில் பயின்ற அரியலூர்க் கார்த்தியும் இருந்தார். ‘ஹாக்கிப்பட்டி’ என்று பத்திரிகைகள் எழுதின. அதற்கு முந்தைய நாற்பது வருடம் சரளைக் கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு ஆட்டம் நடத்தியவர்கள் இல்லாவிட்டால், அந்த ஊரில் யார் போய்த் தளம் கேட்டிருப்பார்கள்? அண்ணனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கோபம் தணியாது, இருந்தாலும் கேள்விக்குப் பதில் கிடைத்ததாக இருக்கும்.

கோபம் வேறு இடத்தில் இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அதற்கு வருகிறேன்.

ஹைதராபாத்தில் சையத் அப்துல் ரஹீம் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். இந்தியக் கால்பந்தின் ஆகப்பெரிய கோச். 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், எல்லாம் அவர் காலத்தில். 1962 ஜகார்த்தா இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்றபோது அவருக்கு நுரையீரல் புற்றுநோய். அடுத்த ஜூனில் இறந்துவிட்டார். இதையெல்லாம் வைத்து சினிமாகூட வந்துவிட்டது. என் மனதில் தங்கியிருப்பது அவருடைய மகன் விஷயம். மகன் ஹக்கீம் நல்ல ஆட்டக்காரர். 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்தார். கோச் அப்பாதான். ஹங்கேரி, பிரான்ஸ், பெரு என்று மூன்று ஆட்டம் நடந்தது. ஒன்றில்கூட ஹக்கீம் களத்தில் இறங்கவில்லை.

மகனை இறக்கினால் ஊர் என்ன சொல்லும் என்ற பயமா, மகனைவிட நல்லவன் இருக்கிறான் என்ற கணக்கா, எனக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் எந்தச் சின்ன ஊர் கோச்சிடம் கேட்டாலும் முதலாவதைச் சொல்வார்கள். தன் பிள்ளையை அணியில் சேர்த்துவிட்டு அடுத்த வீட்டுக்காரனிடம் பதில் சொல்லி மாளாது. அந்த நியாயத்தில் ஒரு வசதியும் இருக்கிறது. வெளியே நேர்மையானவர் என்று பெயர் கிடைக்கும். அந்தப் பெயருக்கான செலவைக் கட்டுகிறவன் மகன். அவனிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. ஹக்கீம் ஆட்டத்தை விட்டுவிடவில்லை. விமானப்படைக்குப் போனார், சர்வதேச நடுவரானார், கோச்சும் ஆனார். உங்கள் அண்ணன் விட்டுவிட்டார். இரண்டுமே புரிந்துகொள்ளக்கூடியவைதான். அப்பா செய்தது சரி என்று அண்ணனை ஒப்புக்கொள்ளவைக்கும் வேலையை மலர் செய்ய வேண்டாம். அப்பா செய்ததில் அநியாயம் இருந்திருக்கலாம். பத்தாவது படிக்கிற பையனுக்கு அணிப்பட்டியல் ஒட்டுகிற அன்றைக்குத்தான் அது தெரிந்தது என்றால், முந்தின நாள் ராத்திரி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றாவது தோன்றுகிறது.

ஆகவே அந்தப் பக்கத்தை அண்ணனே எழுதட்டும். ‘என் அப்பா’ என்று கட்டுரை கேட்காதீர்கள், மாட்டார். அந்த ஒரு போட்டியைப் பற்றி மட்டும் கேளுங்கள். எந்த இடத்தில் ஆடுவார், யார் அவருக்குப் பதிலாகப் போனது, பட்டியல் எங்கே ஒட்டியிருந்தது, அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது, அப்பா என்ன பேசினார் அல்லது பேசாமலே சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டாரா. மலரைப் படிக்கிற பழைய மாணவர்களுக்கு இது தெரியவே தெரியாமல் இருக்கலாம். அண்ணனின் இடத்தில் ஆடப் போன பையன் இன்றைக்கு எங்கேயோ அரசு வேலையில் இருக்கிறான் என்றால் அவனும் படிப்பான்.

அச்ரேக்கரின் ஸ்கூட்டர் பின்சீட்டில் ஊர்ப்பிள்ளை உட்கார்ந்திருந்த சாயங்காலங்களில் அவருடைய சொந்தப் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று நான் படித்த அஞ்சலிகள் எதுவும் கேட்கவில்லை. நம் ஊரில் பொதுக்காரியத்தில் இறங்கிய எல்லா அப்பாக்களைப் பற்றியும் இப்படியே எழுதிவிடுகிறோம். வீட்டைப் பற்றிக் கடைசியில் ஒரே வரி: ‘இவருடைய துணைவியார் உறுதுணையாக இருந்தார்.’ உங்கள் வரைவிலும் அந்த வரி இருக்கிறது, நான்காம் பக்கத்தில்.

அதை எடுத்துவிட்டு அம்மாவிடம் கணக்குக் கேளுங்கள். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமான கணக்கு. கொண்டைக்கடலை ஒரு நாளைக்கு எத்தனை படி, மாசத்துக்கு என்ன ஆயிற்று, கடையில் கடனா ரொக்கமா, மில்லில் சம்பளம் எவ்வளவு, போனஸில் முதலில் வாங்கியது உங்களுக்குத் துணியா பையன்களுக்குப் பந்தா. அவித்த முட்டை எப்போதாவது உண்டா, போட்டிக்கு முந்தின நாள் மட்டுமா. நைட் ஷிப்ட் முடித்து வந்த மனுஷன் எப்போது தூங்கினார், பகலில் பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டது யார். மட்டை உடைந்தால் புதிதா, டேப் சுற்றிப் பழையதா. அம்மா சொல்லுகிற மாதிரியே எழுதிக்கொள்ளுங்கள். அவர் பேச்சில் அப்பா மேல் கோபம் இருந்தால் அதையும் அப்படியே. அம்மா அப்பாவை என்னவென்று குறிப்பிடுவார்? ‘அந்த மனுசன்’ என்றால் மலரிலும் ‘அந்த மனுசன்’தான். அதை ‘என் கணவர்’ என்று பள்ளிக்கூடத் தமிழாக்கிவிடாதீர்கள், நீங்கள் ஆசிரியை, கை பரபரக்கும். நாற்பது வருடம் அந்த மைதானம் எதில் ஓடியது என்பதற்கு அம்மாவின் இந்தக் கணக்கைவிட நல்ல ஆவணம் உங்களுக்குக் கிடைக்காது.

இன்னொன்று, அடி. நீங்கள் இணைத்த நினைவுக்குறிப்புகளில் இரண்டு பேர் ‘சார் அடித்த அடியால்தான் இன்று ஆளாகியிருக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறார்கள். டெண்டுல்கரும் அப்படி ஒன்று சொல்லியிருக்கிறார். தனக்காக ஏற்பாடு செய்திருந்த ஆட்டத்துக்குப் போகாமல், சீனியர் பையன்களின் இறுதியாட்டத்துக்குக் கைதட்டப் போனாராம். அச்ரேக்கர் விட்ட அறையில் கையிலிருந்த டிபன் பாக்ஸ் பறந்ததாம். இதை எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அடி வாங்கி ஆளானவன் மேடையில் சிரிக்கலாம். அடி வாங்கி அடுத்த நாளிலிருந்து வராமல் போனவன் மலருக்கு எழுத மாட்டான். உங்கள் அப்பா கை நீட்டியிருந்தால் நீட்டினார் என்று எழுதுங்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் என்ற சப்பைக்கட்டும் வேண்டாம், அடி உதவுகிற மாதிரி என்று பழமொழியும் வேண்டாம்.

பாராட்டு விஷயமும் அதே மாதிரிதான். 2013 நவம்பரில் வான்கடேயில் விடைபெற்றபோது டெண்டுல்கர், 29 வருடத்தில் சார் ஒரு தடவைகூட ‘நன்றாக ஆடினாய்’ என்று சொன்னதில்லை என்றார். சொன்னால் மெத்தனம் வந்துவிடும் என்பது அச்ரேக்கரின் எண்ணமாம். அரங்கம் உருகியது. எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. டெண்டுல்கருக்கு ஊரே சொன்னது, சார் சொல்லாவிட்டால் பரவாயில்லை. சரளை மைதானத்துப் பையனுக்குச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? வீட்டில் அப்பாவும் அம்மாவும் தீக்குச்சி அடுக்கிவிட்டு வந்து படுத்திருப்பார்கள். உங்கள் அப்பா சொல்லுவாரா மாட்டாரா, சொன்னால் என்ன வார்த்தையில் சொல்லுவார் என்று நான்கைந்து பேரிடம் கேளுங்கள். ஆளுக்கு ஒரு மாதிரிச் சொன்னால் எல்லாவற்றையும் போடுங்கள்.

எழுதும் முறைக்கு நான் பெரிதாக ஒன்றும் சொல்ல மாட்டேன். ‘இன்ன ஊரில் இன்னாருக்கு மகனாகப் பிறந்தார்’ என்று தொடங்க வேண்டாம். அது கடைசியில் இருந்தால் போதும். மைதானத்தில் ஒரு நாள் எப்படிப் போகும் என்பதை முதலில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு விசில், முதலில் ஓட்டமா மட்டையா, தாமதமாக வந்தவனுக்கு என்ன, மழை பெய்தால் என்ன, கோல்கீப்பர் பேடு ஒரு ஜோடிதான் என்றால் இரண்டு கீப்பர்கள் என்ன செய்தார்கள். பண்புகளைச் சொல்லுகிற வாக்கியங்களை எடுத்துவிட்டு இவற்றை வைத்தாலே நான்கு பக்கம் பத்துப் பக்கமாகிவிடும். கோப்பைப் பட்டியலைக் கடைசியில் சின்ன எழுத்தில் போட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் சவாரியைத் தயவுசெய்து விடாதீர்கள். பாரில் உட்கார்ந்து நீங்கள் கேட்ட பேச்சு என்ன, அப்போதும் ஹாக்கிதானா? மனிதர் ஒரு சாயங்காலமாவது வேறு ஏதாவது பேசினாரா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது.

அட்டைப்படத்துக்கு நீங்கள் அனுப்பிய மூன்றில் ஸ்டுடியோ படம் வேண்டாம். பையன்களுடன் தரையில் உட்கார்ந்திருக்கும் படம் நன்றாக இருக்கிறது, அவர் முகம் தெளிவாக இல்லாவிட்டாலும். அதில் இருக்கிற ஒவ்வொரு பையனின் பெயரையும் கீழே வரிசையாகப் போட வேண்டும், ஒருவர்கூட விடாமல். பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஒரு ராத்திரியில் முக்கால்வாசிப் பெயர் வந்துவிடும். மிச்சத்துக்கு அம்மாவிடம் காட்டுங்கள். கடலை அள்ளிக் கொடுத்தவருக்கு முகம் மறந்திருக்காது. வெளியீட்டுக்கு யாராவது பெரிய ஆளைக் கூப்பிட மாணவர்கள் நினைத்தால் கூப்பிடட்டும். முதல் பிரதியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவர் கூட்டத்தை ஆரம்பிக்கட்டும்.

மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன், அனுப்புங்கள். அண்ணன் எழுதிக் கொடுத்தால் அந்தப் பக்கத்தில் எழுத்துப்பிழை மட்டும் பார்ப்பேன், வேறு எதிலும் கை வைக்க மாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்